காசு கூரைக்குத்தான்

விற்கிற காரைப் பார்க்கப் போனால் முதலில் பானெட்டைத் திறக்கச் சொல்வதுதான் வழக்கம். அன்றைக்கு நான் அப்படிச் செய்யவில்லை. காரை கராஜிலிருந்து வெளியே தள்ளி நிறுத்தியதும் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, வாசலில் கவிழ்ந்து கிடந்த ஒரு வாளியின் மேல் உட்கார்ந்துகொண்டேன். நின்றுகொண்டு பார்த்தால் இந்தக் காரின் கூரை தெரியும், கூரையின் கோடு தெரியாது. கண்ணைக் கதவுக் கண்ணாடியின் உயரத்துக்கு இறக்கினால்தான் அது பிடிபடும். முன்கண்ணாடியின் உச்சியில் தொடங்கி, தலைக்கு மேல் கொஞ்ச தூரம் மட்டமாக ஓடி, பிறகு அவசரமே இல்லாமல் பின்பக்கம் இறங்கி, வால் விளக்குக்கு முன்னால் முடிந்துவிடும். அந்த ஒரு கோட்டுக்காகத்தான் அவ்வளவு தூரம் ரயிலேறிப் போயிருந்தேன்.

1968ஆம் வருட எம்ஜிபி ஜிடி. கம்பெனிப் பட்டியலில் நிறத்தின் பெயர் மினரல் புளூ. ராயல் புளூ இங்கில் ஒரு சிட்டிகை சாம்பலைக் கரைத்தால் வருகிற நீலம். ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே ஒரு கிராமத்தில், 1979லிருந்து ஒரே கையில் இருக்கிற வண்டி. விற்கிற அம்மையார் மாவட்டச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். வீடு வீடாகப் போய்க் கட்டு மாற்றியதும் ஊசி போட்டதும் இந்தக் காரில் போய்த்தான். “இடுப்பு ஒத்துழைக்கவில்லை. உட்காரும்போது விழுகிறேன், எழுந்திருக்க யாராவது கை கொடுக்க வேண்டியிருக்கிறது” என்றார். பழைய கார் விற்கிறவர்கள் சொல்லும் காரணங்களில் இவ்வளவு நாணயமான ஒன்றை நான் கேட்டதில்லை.

எம்ஜி என்றால் இன்று நம் ஊரில் ஹெக்டர்தான் ஞாபகத்துக்கு வரும். அந்த எண்கோணச் சின்னம் இப்போது ஒரு சீனக் கம்பெனியின் கையில் இருக்கிறது. பழைய எம்ஜியின் விரிவு மாரிஸ் கராஜஸ். வில்லியம் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டில் நடத்திய கார் விற்பனைக் கடை அது. அங்கே மேலாளராக இருந்த செசில் கிம்பர், 1920களில் சாதாரண மாரிஸ் கார்களுக்குத் துடிப்பான புதுச் சட்டை தைத்துப் போட ஆரம்பித்தார். வியாபாரம் பெருகி, 1929ல் பக்கத்து ஊரான ஆபிங்டனில் பழைய தோல் பதனிடும் ஆலை ஒன்றின் இடத்துக்குக் குடிபோனார்கள். அடுத்த அரை நூற்றாண்டு அங்கேதான். எம்ஜிபி தயாரான நாட்களிலும் அங்கே தானாக நகரும் பட்டை கிடையாது. பாடி ஸ்விண்டனிலிருந்து வரும், எஞ்சின் காவென்ட்ரியிலிருந்து வரும். ஒரு கட்ட வேலை முடிந்ததும் ஆட்கள் வண்டியைக் கையால் தள்ளி அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோவார்கள்.

முதலில், 1962ல், வந்தது கூரையில்லாத எம்ஜிபி. ரோட்ஸ்டர் என்பார்கள். இன்றைக்கும் சந்தையில் அதற்குத்தான் மவுசு. ஒரே வருடம், ஒரே எஞ்சின், ஒரே நிலைமை என்று இரண்டை அருகருகே நிறுத்தினால் கூரையுள்ள ஜிடிக்குக் கேட்கும் விலை பொதுவாகக் குறைவாகவே இருக்கும். வருடத்தில் பாதி நாள் தூறுகிற நாட்டில், கூரை இல்லாத வண்டிக்குக் கூடுதல் பணம் கொடுக்கிறார்கள். வெயிலுக்கு ஏங்குகிறவர்களின் மனக்கணக்கு என்று விட்டுவிடலாம். ஆனால் கண்ணால் கணக்குப் போட்டால் எனக்கு இதில் சம்மதமே இல்லை. ரோட்ஸ்டர் நல்ல வண்டி. ஜிடி, நல்ல வண்டியின் மேல் ஒரு நல்ல சிற்பியின் கை பட்டது.

அதற்குக் காரணமானவர் ஜான் தார்ன்லி. ஆபிங்டன் ஆலையின் பொது மேலாளர். ஆஸ்டன் மார்ட்டின் டிபி2/4 காரின் மூடிய கூரையும், பின்னால் தூக்கித் திறக்கிற கதவும் அவர் மனதில் உட்கார்ந்துவிட்டன. அந்த மாதிரி ஒன்றை ஆஸ்டன் வாங்க முடியாதவர்களுக்குச் செய்ய வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். ‘ஏழையின் ஆஸ்டன் மார்ட்டின்’ என்று ஜிடியைச் சொல்வது இங்கிருந்து வந்த வழக்கம்தான். பின்னாளில் அவர் சொந்தமாக ஓட்டிய ஜிடியின் நம்பர் பிளேட்டில் எம்ஜி 1 என்று இருந்தது. ஆசையை மறைத்துக்கொள்கிற மனிதர் இல்லை.

ஆனால் ஆபிங்டன்காரர்கள் தாங்களே கூரை போட்டுப் பார்த்தபோது சரியாக அமையவில்லை. சிட் எனவரும் டான் ஹேட்டரும் ரோட்ஸ்டரின் உடலை அத்தனை அளவாகச் செய்திருந்தார்கள். சிக்கல் முன்கண்ணாடியில். திறந்த காரில் காற்று தலைக்கு மேல் போனால் போதும் என்று அது தாழ்வாக வைக்கப்பட்டிருந்தது. அந்தத் தாழ்வான விளிம்பிலிருந்து கூரையைத் தொடங்கினால், நடுவில் பொம்மி, ஓரங்களில் அமுங்கி, தொப்பியைக் காது வரை இழுத்துவிட்ட மாதிரி ஆகிவிடுகிறது. வண்டியை இத்தாலியில் டூரின் நகரத்துக்கு, பினின்ஃபரினாவிடம் அனுப்பினார்கள்.

அங்கே செய்ததைச் சொன்னால் இவ்வளவுதானா என்று தோன்றும். முன்கண்ணாடியைச் சற்று உயர்த்தினார்கள். கூரையின் ஓரம் உருண்டு கதவின் மேல் வழிகிற இடத்தில், நீளவாட்டில் ஒரு மடிப்பு வைத்தார்கள். இஸ்திரி போட்ட வேட்டியில் விழுகிற மடிப்புப் போல, விரல் நுனியால் தடவினால் உணரக்கூடிய ஒன்று. வாளியில் உட்கார்ந்திருந்த எனக்கு நேர் எதிரே அது இருந்தது. மேலே வானத்து வெளிச்சம், கீழே நிழல், நடுவில் ஒரு முடி அகலத்துக்கு வெள்ளைக் கோடு. அந்த மடிப்பு இல்லையென்றால் கூரை ஒரு கவிழ்த்த சட்டி. இருப்பதால் அது இழுத்துக் கட்டிய துணி.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இடுப்புக் கோட்டுக்குக் கீழே அவர்கள் கை வைத்ததாகவே தெரியாது. அதே ஃபெண்டர், அதே கதவுத் தகடு, அதே பக்கவாட்டுக் குரோம் பட்டை, அதே வால் விளக்கு. வேறொருவர் வரைந்த உடலின் மேல் தலை வைக்கும்போது, உடலையும் கொஞ்சம் தன் இஷ்டத்துக்குத் திருத்த எந்தக் கலைஞனுக்கும் கை அரிக்கும். அரித்த கையைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள். இரண்டு கையெழுத்து எங்கே சந்திக்கிறது என்று நான் பல ஜிடிக்களில் தேடியிருக்கிறேன். பக்கவாட்டில் நின்று பார்த்தால் ஒருபோதும் அகப்படாது. பின்னால் ஒரு கோணத்திலிருந்து, கூரைத் தூண் ஃபெண்டரில் இறங்குகிற இடத்தில் மட்டும் லேசாக ஒரு தயக்கம் தெரிகிறது. அதுவும் நானாகக் கற்பித்துக்கொண்டதாக இருக்கலாம்.

1965 அக்டோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் ஜிடி மேடையேறியபோது, வரியெல்லாம் சேர்த்து விலை 998 பவுண்டு சொச்சம். ஆயிரத்தைத் தொடாமல் நிறுத்திய சாமர்த்தியத்தில் பாட்டா செருப்புக் கடையின் சாயல் உண்டு. பின்னால் ஒரு சீட்டும் வைத்தார்கள். சீட் என்பது மரியாதைக்கு. ஐந்து வயதுக் குழந்தை உட்காரலாம், அதுவும் நல்ல குணமுள்ள குழந்தையாக இருந்தால். அதை மடக்கிவிட்டால் பின்கதவு வரை ஒரே சமதளம். அம்மையார் அங்கேதான் மருந்துப் பெட்டியையும் மடக்கு ஊன்றுகோல்களையும் வைத்திருந்தாராம். ஊன்றுகோலின் ரப்பர் முனை உரசி உரசிக் கம்பளத்தில் ஒரு வழுக்கை விழுந்திருக்கிறது. அதைக் காட்டி விலையைக் குறைக்கச் சொல்கிறவனுக்குக் கார் விற்கக் கூடாது.

என்னோடு வந்த நண்பர் யாழ்ப்பாணத்துக்காரர். லண்டனில் முப்பது வருடமாக டிங்கரிங், பெயின்ட் வேலை. அவருக்குக் கூரைக் கோடு, மடிப்பு எல்லாம் வேலையில்லாதவன் பேச்சு. நான் வாளியில் தவமிருந்த நேரத்தில் அவர் தரையில் சாக்கு விரித்துக் காருக்கு அடியில் பாதி போய்விட்டார். எனக்கும் ஏதாவது வேலை செய்ய வேண்டும் போலிருந்ததால், சட்டைப் பையிலிருந்த காந்தத்தை எடுத்து பானெட்டில் வைத்தேன். வழுக்கிக்கொண்டு போய்ப் புல்லில் விழுந்தது. இன்னொரு இடத்தில் வைத்தேன். மறுபடியும் விழுந்தது. முழு பானெட்டும் பட்டி பூசியதோ என்று எனக்கு அடிவயிறு கலங்கியது. காருக்கு அடியிலிருந்து குரல் வந்தது: “தம்பி, அது அலுமினியம். காந்தம் ஒட்டாது எண்டு பயப்பிடாதேங்கோ. ஒட்டினாத்தான் பயப்பிட வேணும்.”

அந்தக் காலத்து எம்ஜிபிக்களின் பானெட் அலுமினியத் தகடு. 1960களின் கடைசியோடு அதைக் கைவிட்டு இரும்புக்கு மாறினார்கள். படித்திருந்தும் பதற்றத்தில் மறந்துவிட்டது. ஐம்பது வருடத்துக்கு மேலாகியும் இரும்பு பானெட் மாட்டப்படாமல் இருக்கிறதென்றால், முன்னால் பெரிய மோதல் எதுவும் நடந்திருக்க வாய்ப்பு குறைவு. காந்தம் விழுந்தது நல்ல சகுனம்.

அவர் அடியில் தேடிக்கொண்டிருந்தது சில். கதவுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடுகிற பெட்டி போன்ற பகுதி. எம்ஜிபிக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது, பாடியே எலும்பு. வெளித் தகடு, நடுத் தகடு, உள் தகடு, அடித் தகடு என்று நான்கைச் சேர்த்து வெல்டு அடித்த அந்தப் பெட்டிதான் முதுகெலும்பு. இங்கிலாந்தில் பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவுவார்கள். உப்புத் தண்ணீர் இந்தப் பெட்டிக்குள் புகுந்து, வெளியே பெயின்ட் பளபளக்க, உள்ளே கரையான் தின்ற கதவு நிலை மாதிரி ஆக்கிவிடும். வெளித் தகட்டின் இரண்டு முனையும் ஃபெண்டருக்குப் பின்னால் ஒளிந்திருப்பதால், ஒழுங்காக மாற்ற வேண்டுமென்றால் ஃபெண்டரின் அடிப்பகுதியை அறுத்துத்தான் ஆக வேண்டும். சோம்பேறிகள் அறுக்க மாட்டார்கள். அழுகியதன் மேலேயே ஒரு புதுத் தகட்டை மூடி வெல்டு அடித்து, பட்டி பூசி, பெயின்ட் அடித்துக் கொடுத்துவிடுவார்கள்.

இதில் நான் காசு கொடுத்துப் பாடம் படித்தவன். பல வருடங்களுக்கு முன்னால் ஒரு வியாபாரியிடம் சிவப்பு ரோட்ஸ்டர் ஒன்றை வாங்கினேன். கண்ணைப் பறிக்கிற சிவப்பு. வீட்டுக்கு வந்த முதல் வாரம், சக்கரம் மாற்ற ஜாக்கி வைத்துத் தூக்கினேன். தூக்கிய பிறகு கதவைத் திறக்கப் போனால் திறக்கவில்லை. கார் நடுவில் வளைந்து, கதவு அதன் சட்டத்துக்குள் இறுகிக்கொண்டது. ஜாக்கியை இறக்கியதும் சாதுவாகத் திறந்தது. மேலே பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாத வண்டியில், கீழே இருக்கிற பிடியும் போனால் இப்படித்தான். ஜிடியில் முன்கண்ணாடிச் சட்டத்தையும் பின்பக்கத்தையும் கூரை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. சில் பலவீனப்பட்டால் ஜிடியும் தப்பாது என்றாலும், அது இவ்வளவு சீக்கிரம் மானத்தை வாங்காது. பினின்ஃபரினா அழகுக்காக வரைந்தது, பாரத்தையும் கொஞ்சம் தோளில் வாங்கிக்கொண்டது. ரோட்ஸ்டர்காரர்களிடம் நான் சண்டைக்கு நிற்பதில் இந்தச் சிவப்புக்கும் பங்கு இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நண்பர் வெளியே வந்து முழங்கால் மண்ணைத் தட்டினார். முன் ஃபெண்டர் சில்லோடு சேருமிடத்தில் ஒரு மெல்லிய இணைப்புக் கோடு இருந்தது. அதை நகத்தால் கீறிக் காட்டினார். பட்டி பூசி மெழுகியிருந்தால் இந்தக் கோடு மறைந்திருக்கும். கதவு இடைவெளியில் சுண்டுவிரல் நகத்தை வைத்து மேலிருந்து கீழே இழுத்தார். எங்கும் சிக்கவும் இல்லை, தளரவும் இல்லை. “சில் மாத்தியிருக்கினம். ஆனா வெட்டித்தான் மாத்தியிருக்கினம்” என்றார். அம்மையார் உள்ளே போய் ஒரு கோப்பைக் கொண்டுவந்தார். 1991ல் இரண்டு சில்லும் மாற்றிய ரசீது, ஃபெண்டர் அடிப்பகுதி வெட்டி ஒட்டியதற்குத் தனியாகக் கூலி போட்டிருந்தது. அந்தக் கூலி வரியைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

இந்தக் கோப்பில்தான் ‘நன்றாகக் காக்கப்பட்ட’ என்ற வார்த்தைக்கு எனக்கு அர்த்தம் கிடைத்தது. எம்ஜிபிக்குச் சாமான் கிடைக்காது என்ற பேச்சே இல்லை. 1988லிருந்து பழைய அச்சுகளைக் கொண்டே ரோட்ஸ்டரின் முழு பாடியைப் புதிதாக அடித்து விற்க ஆரம்பித்தார்கள். காசிருந்தால் வண்டி எண்ணைத் தவிர எல்லாவற்றையும் புதிதாக்கிவிடலாம். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். முதல் நாள் ஆலையிலிருந்து வந்ததைவிடப் பளபளப்பாக, அடியில்கூடக் கண்ணாடி மாதிரிப் பெயின்ட் அடித்து, ட்ரெய்லரில் ஏற்றிக் கண்காட்சிக்குக் கொண்டுபோய் இறக்குவார்கள். கும்பாபிஷேகம் என்ற பெயரில் கருங்கல் தூணுக்கு எனாமல் அடிக்கிற வேலைதான் ஞாபகத்துக்கு வரும். இந்தக் காரில் மாற்ற வேண்டியது மாற்றப்பட்டிருக்கிறது, மாற்ற வேண்டாதது அப்படியே இருக்கிறது. சீட் தோல் அசல். ஓட்டுநர் பக்கத்தில் தேன்கூடு மாதிரி வெடிப்புகள், ஆனால் கிழியவில்லை. ஓரத்தில் வெள்ளைப் பைப்பிங் மட்டும் டீ நிறத்துக்கு வந்துவிட்டது. டேஷ்போர்டின் சொரசொரப்பான கறுப்புப் பூச்சு, சாவி தொங்கி ஆடுகிற இடத்தில் தேய்ந்து இரும்பு தெரிகிறது. இடது ஃபெண்டரில் எப்போதோ திரும்பப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். நீலம் ஒரு இழை கூடிவிட்டது. மேகம் மறைத்தால் தெரியாது, வெயில் வந்தால் தெரியும்.

கோப்பில் கெய்டன் அருங்காட்சியகம் கொடுத்த சான்றிதழும் இருந்தது. பழைய ஆலைப் பேரேடுகளைப் பார்த்து, எந்த வண்டி எந்த நிறத்தில், என்றைக்குச் செய்து முடிக்கப்பட்டது என்று எழுதிக் கொடுப்பார்கள். வண்டி எண் ஜிஹெச்டி4 என்று தொடங்குகிறது. நடுவிலிருக்கும் டி கூரைக்காரருக்குரிய எழுத்து. ரோட்ஸ்டராக இருந்தால் அங்கே ‘என்’ இருக்கும். கடைசியிலிருக்கும் 4, 1967 இறுதியில் வந்த இரண்டாம் வரிசை என்பதைச் சொல்கிறது. அந்த வரிசையில்தான் முதல் கியருக்கும் சின்க்ரோமெஷ் வந்தது, டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்தது. பழைய செங்குத்துக் கம்பி குரோம் கிரில்லும் தோல் சீட்டும் இன்னும் போகவில்லை. புதிய வசதியும் பழைய முகமும் ஒன்றாகக் கிடைத்த காலம் கொஞ்சம்தான். என்னிடம் கேட்டால் ஜிடியில் வாங்க வேண்டியது இந்த இரண்டு வருடத்து வண்டிகளைத்தான்.

மற்றவை பற்றி ஒரு வார்த்தை. ஆறு சிலிண்டர் எம்ஜிசி 1967லிருந்து 1969 வரை வந்தது, மூக்கு கனம். ரோவரின் 3528 சிசி வி8 பொருத்திய ஜிடி 1973ல் வந்தது. பறக்கும், ஆனால் சில வாரங்களிலேயே எண்ணெய் நெருக்கடி வந்துவிட்டது. மொத்தம் 2591 வண்டியோடு 1976ல் நிறுத்திவிட்டார்கள். 1974 இறுதியில் அமெரிக்கச் சட்டங்களுக்காகக் குரோம் பம்பரை எடுத்துவிட்டுக் கறுப்பு ரப்பர் மூக்கு வைத்தார்கள், வண்டியையும் ஒன்றரை அங்குலம் உயர்த்தினார்கள். ரப்பர் மூக்கைத் திட்டுவது ஃபேஷன். எனக்கு அந்த மூக்கைவிட அந்த ஒன்றரை அங்குலம்தான் உறுத்தும். வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு தண்ணீரில் நடக்கிற மாதிரி இருக்கும். நான்கு சிலிண்டர் ஜிடிக்கள் மட்டுமே 1980 வரை ஒன்றேகால் லட்சத்துக்கும் சற்று அதிகமாக வந்தன. அபூர்வமான பொருள் இல்லை. அதனாலேயே அதன் அழகைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

பிறகுதான் சாவி. அம்மையார் என்னை ஓட்டுநர் சீட்டில் உட்காரச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் தன் முறையில் விழுந்து உட்கார்ந்தார். சாவியைத் திருப்பியதும் வலது பின்பக்கத்திலிருந்து டிக் டிக் டிக் என்று ஒரு சத்தம், சுவர்ப் பல்லி அவசரப்பட்ட மாதிரி. பெட்ரோல் பம்ப். மின்காந்தத்தில் இயங்குவது. கார்ப்பரேட்டர் கிண்ணங்கள் நிரம்ப நிரம்ப அது வேகம் குறைந்து, டிக்... டிக்... என்று தயங்கி, நின்றுவிடும். “நின்ற பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள்” என்றார். சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்தேன்.

அந்தச் சத்தம் கேட்டதும் எனக்கு இங்கிலாந்து மறந்துபோனது. மதுரை ரயில் நிலையத்து டாக்ஸி ஸ்டாண்டு, விடியற்காலை, வரிசையாக அம்பாசடர்கள். இது நினைவின் மயக்கம் மட்டும் இல்லை. அம்பாசடரில் வெகுகாலம் ஓடிய 1489 சிசி பெட்ரோல் எஞ்சினும் இந்த 1798 சிசி எஞ்சினும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி சீரிஸ் குடும்பம். 1955ல் வந்த எம்ஜிஏ ஸ்போர்ட்ஸ் காரில் இருந்தது அதே 1489 சிசிதான். அதைத் துளை பெருக்கிப் பெருக்கி 1798 வரை கொண்டுவந்தார்கள். வார்ப்பிரும்புக் கட்டு, பக்கவாட்டுக் கேம்ஷாஃப்ட், மேலே தள்ளுகோல் வால்வுகள். குளிரில் அதே டப்பெட் கடகடப்பு. கல்யாண வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நம்மைச் சுமந்துபோன எஞ்சினின் தம்பி இங்கே ஸ்போர்ட்ஸ் சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறான்.

வித்தியாசம் பானெட்டைத் திறந்தால் தெரியும். இரட்டை எஸ்யூ கார்ப்பரேட்டர்கள், இரண்டு அலுமினிய மணிகள் போல. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பிஸ்டன், அதன் அடியில் சீவிய ஊசி. எஞ்சின் எவ்வளவு காற்றை இழுக்கிறதோ அதற்குத் தக்கபடி பிஸ்டன் தானாக உயரும். ஊசி ஓட்டையிலிருந்து விலகி அதற்குத் தக்க பெட்ரோலை விடும். திடீரென்று குதிக்காமலிருக்க உச்சியில் கொஞ்சம் எண்ணெய். அம்மையார் கறுப்புத் திருகு மூடியைக் கழற்றி, ஒரு சிறிய பீச்சாங்குழலால் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டார். தண்டு பாதி இறங்கும்போது எதிர்ப்புத் தட்டுப்பட வேண்டும், அதுதான் அளவு என்றார். நாற்பது வருடம் ஊசி பிடித்த கை. ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை.

சாலையில் அது வேகமான கார் இல்லை. நின்ற நிலையிலிருந்து அறுபது மைலைத் தொடப் பதின்மூன்று நொடி ஆகும். இன்றைய சின்ன ஹேட்ச்பேக் அதைத் தாண்டிக்கொண்டு போகும், போனது. ஸ்டியரிங் பெரிது, விளிம்பு மெலிது, நிற்கும்போது கனம். நகர ஆரம்பித்ததும் சாலையிலிருக்கிற சின்னக் கல்லையும் உள்ளங்கையில் சொல்கிறது. கியர்க்கோல் ஒரு சாண் உயரம்தான். அசைவு அரைச் சாண்கூட இல்லை, ஒவ்வொரு இடத்திலும் பூட்டு விழுகிற உறுதி. பழைய நெம்புகோல் ஷாக் அப்சார்பர்கள் குழியில் கொஞ்சம் துள்ளுகின்றன. பின் இடதில் ஒன்று எண்ணெய் கசிகிறது என்று நண்பர் முன்பே குறித்துவைத்திருந்தார்.

ஏ34 சாலையில் ஏறி நான்காவது கியரில் எழுபது மைல். ஆர்பிஎம் முள் நான்காயிரத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. இந்த வேகத்தில் ரோட்ஸ்டராக இருந்தால் கத்தித்தான் பேச வேண்டும். இங்கே அம்மையார் சாதாரணக் குரலில், “டேஷ்போர்டு ஓரத்திலிருக்கும் சுவிட்சைக் கீழே தட்டுங்கள்” என்றார். ஓவர்டிரைவ். தட்டினேன். கிளட்ச் மிதிக்கவில்லை, கோலைத் தொடவில்லை. முள் மட்டும் எழுநூறு போலச் சரிந்து நின்றது, எஞ்சின் மூச்சை வெளியே விட்டது. வேகம் அப்படியே. பின்சீட்டில் முழங்காலை நெஞ்சோடு மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த நண்பர், அன்றைக்கு முதல்முறையாக, “நல்லாயிருக்கு” என்றார். மழை தூற ஆரம்பித்திருந்தது. தலைக்கு மேல் தகரத்தில் துளிகள் விழுகிற சத்தம், காதுக்கு மிக அருகில், நம் ஊர் ஓட்டு வீட்டில் கேட்கிற அதே நெருக்கத்தில்.

திரும்பி வந்து கணப்படுப்புக்கு முன்னால் டீ. விலையைச் சொன்னார். பழைய சின்ன ஹேட்ச்பேக் வாங்குகிற தொகைதான். நாற்பது வருடத்துக்கு மேற்பட்ட வண்டி என்பதால் சாலை வரி இல்லை, வருடாந்தரச் சோதனையும் கட்டாயமில்லை. இவர் மட்டும் வருடா வருடம் சோதனைக்குக் கொண்டுபோயிருக்கிறார். எல்லாம் சரியாக இருந்தது. நான் பேரம்கூடப் பேசவில்லை. அப்போது அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “ராத்திரி எங்கே நிறுத்துவீர்கள்?”

நான் குடியிருப்பது மூன்றாவது மாடியில். கீழே தெருவோர நிறுத்தம், அதுவும் இடம் கிடைத்தால். சொன்னேன். அவர் பதில் பேசாமல் பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினார். கொஞ்ச நேரம் கழித்து, “அப்படியானால் உங்களுக்கு வேண்டாம்” என்றார். நண்பர் என்னைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார். அவரும் அதைத்தான் நினைத்திருக்கிறார்.

காரை மூன்று பேரும் சேர்ந்து கராஜுக்குள் தள்ளினோம். அம்மையார் சுவரோரம் சாய்த்து வைத்திருந்த ஒரு பழைய கேக் தட்டை எடுத்து, குனிய முடியாமல், காலால் எஞ்சினுக்கு அடியில் தள்ளினார். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேருமிடத்தில் இரவில் எண்ணெய் சொட்டும். காலையில் தட்டைப் பார்த்து எண்ணுவாராம். நேற்று மூன்று சொட்டு. ஐந்தைத் தாண்டினால் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும், வாங்குகிறவரிடம் அதைத் தவறாமல் சொல்லிவிட வேண்டும் என்று கராஜ் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டே சொன்னார்.